சோற்றில் வைரஸ் வளராது

தம்பி,

பாமன்கடைச் சந்தியில் உன் இரண்டாவது சாப்பாட்டுக் கடை திறக்கிறாய். அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. விளக்கேற்றுபவர் என்று என் பெயர். பெயருக்குக் கீழே, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நான் பார்த்த உத்தியோகத்தின் பெயர். அது எதற்கு என்று எனக்குப் புரிகிறது. கிருமிகளைப் பற்றித் தெரிந்த ஒருத்தி வந்து விளக்கேற்றினால் சமையலறை சுத்தமானது என்று ஊர் நம்பும். அந்த வரியை எடுத்துவிடு. நான் வரமாட்டேன்.

ஏன் என்று நேரில் சொல்லிப் பார்த்தேன். தொலைபேசியில் சொன்னபோது "அம்மா, மீற்றிங்கில நிக்கிறன்" என்றாய். வீட்டில் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டோடு எழும்பி முன் ஹோலுக்குப் போனாய். கடையில் சொன்னபோது "கஸ்டமர் இருக்கினம், மெதுவாக் கதையுங்கோ" என்றாய். மெதுவாகக் கதைத்தாகிவிட்டது. உன் பதிவை நீ வெள்ளவத்தைக்காரர் எல்லோரும் இருக்கிற முகநூல் குழுவில் போட்டாய். இந்தக் கடிதமும் அங்கேதான் போகும். எங்கே சொன்னாயோ அங்கே.

உனக்குத் தெரிந்ததையே எழுதப்போகிறேன். வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், ஒரு வீட்டில் அந்தியேட்டி. முப்பத்தோராம் நாள் கிரியை. சாப்பாடு உன் கடையிலிருந்து. கிரியை முடிந்து, படைத்து, எல்லோரும் பந்தியில் இருந்து சாப்பிட்டார்கள். மாலைத் தேநீர் ஊற்றுவதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. முதலில் ஒரு பிள்ளை. பிறகு பிள்ளையின் தகப்பன். பிறகு மாடிப்படியில், குளியலறை வாசலில், வாகனம் நிறுத்துகிற இடத்தில். இறந்தவரின் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சேலைன் ஏற்றினார்கள். அவர் தப்பியது அவருடைய உடம்பின் கெட்டித்தனம். நானும் வாந்தியெடுத்தேன். உன் சோற்றை, உன் தாய்.

அடுத்த கிழமை நீ எழுதினாய். "அண்மையில் ஒரு நிகழ்வில் சிலருக்கு ஏற்பட்ட சுகவீனத்துக்குத் தற்போது கொழும்பில் பரவிவரும் வைரஸ் தொற்றே காரணம் என அறிகிறோம். எமது சமையலறையில் பணிபுரிந்த ஒருவருக்கு இருமல் இருந்தமை தெரியவந்துள்ளது. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார். சமையலறை முழுவதும் கிருமிநீக்கம் செய்யப்பட்டுள்ளது." அறிகிறோம் என்றாய். யாரிடமிருந்து அறிந்தாய்? வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்கவில்லை. பதிவோடு ஒரு படமும் போட்டாய். முகக்கவசம் போட்ட இரண்டு பேர் சுவருக்கு மருந்து அடிக்கிறார்கள். சுவர் வாந்தியெடுக்கவில்லை, தம்பி.

உன் சமையலறையில் அந்தக் கிழமை இருமியது ஒரே ஒருத்தி. ரெஜினா. கொட்டாஞ்சேனையிலிருந்து விடிய முதல் பஸ்ஸில் வந்து, நீ கடை தொடங்கிய நாளிலிருந்து உனக்குக் கறி வைத்தவள். பெயரைப் போடவில்லையே என்று நீ சொல்வாய். போடத் தேவையில்லை. உன் கடையில் சாப்பிடுகிற எவருக்கும் அவளைத் தெரியும். பதிவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார், வேதக்காரியை, கிறிஸ்தவளைக் கொண்டு படையலுக்குச் சமைப்பித்தால் இப்படித்தான் என்று. அதற்குக் கீழே நீ கைகூப்புகிற படம் ஒன்று போட்டாய். நன்றி சொன்னாயா, மன்னிப்புக் கேட்டாயா? எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது.

வைரஸ் என்ற சொல்லை நீ ஏன் எடுத்தாய் என்பதைப் பல நாள் யோசித்தேன். ஊரடங்குக் காலத்தில் இந்த நகரம் முழுவதும் அந்தச் சொல்லைப் படித்தது. வாழைப்பழத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். கொட்டாஞ்சேனை என்றால் இங்கே மூக்கைப் பொத்தினார்கள். அந்தக் காலம் ஒரு விஷயத்தை எல்லோருக்கும் பழக்கிவிட்டுப் போனது: வைரஸ் என்றால் யாரும் பொறுப்பில்லை. அது காற்றில் வரும். வெளியிலிருந்து வரும். ஏழைத் தெருக்களிலிருந்து வரும். ஒரு கடைக்காரனுக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது. 'கெட்ட சோறு' என்று சொன்னால் சோற்றுக்கு ஒரு முதலாளி இருக்கிறான். வைரஸுக்கு முதலாளி இல்லை.

சரி. வைரஸ் என்றால் என்ன என்று சொல்கிறேன். நீ பாவித்த சொல்தானே, தெரிந்துகொள்.

அதற்குப் பசி இல்லை. சின்ன வயதில் உன்னை ஆய்வுகூடத்துக்கு வெளியே மர வாங்கில் உட்காரவைப்பேன், உள்ளே பிள்ளைகளை விடமாட்டார்கள். அங்கிருந்து நீ ஒருநாள் எட்டிப்பார்த்துக் கேட்டாய், "அம்மா, கிருமிக்குப் பசிக்குமோ?" என்று. எங்கள் பெரிய டொக்டர் அதைக் கேட்டுச் சிரித்து, இது நல்ல கேள்வி என்றார். உண்மையில் நல்ல கேள்வி. பக்டீரியாவுக்குப் பசிக்கும். வைரஸுக்குப் பசிக்காது. அது தின்னாது, மூச்சு விடாது, தானாக வளராது. ஒரு சிறு உறை. அதற்குள் ஒரு சமையற்குறிப்பு. அவ்வளவுதான். அந்தக் குறிப்பை வைத்துச் சமைக்க அதனிடம் அடுப்பில்லை, பாத்திரமில்லை, கை இல்லை. உயிருள்ள ஒரு கலம் வேண்டும். கலத்தின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்துகிற இடம் பார்த்து ஒட்டும். உள்ளே போகும். உறையைக் கழற்றும். கலம் தனக்கென்று வைத்திருக்கிற எல்லாவற்றையும் எடுத்துத் தன் குறிப்பின்படி வேலை வாங்கும். குறிப்புக்குக் குறிப்பு, உறைக்கு உறை, தனித்தனியாகச் செய்வித்து, பொருத்துவித்து, கலம் நிறைந்ததும் வெளியே வரும். சிலது கலத்தை உடைத்துக்கொண்டு வரும். பிறகு பக்கத்துக் கலம்.

வெந்த சோற்றில் உயிருள்ள கலம் இல்லை. வெந்த சோற்றில் வைரஸ் வளராது. ஒட்டிக்கொண்டு வரலாம், அதை மறுக்கவில்லை. வயிற்றைப் பிரட்டுகிற வைரஸ்கள் இருக்கின்றன, கழுவாத கையால் சாப்பாட்டில் ஏறும். ஆனால் அவற்றின் வேலை வயிற்றுக்குள் போன பிறகுதான் தொடங்கும். ஒட்டி, நுழைந்து, பெருகி, ஆளை விழுத்த அவற்றுக்குப் பொழுது வேண்டும். பகல் சாப்பிட்டவர் எப்படியும் அடுத்த நாள்தான் படுப்பார். பகல் சாப்பிட்டு, இலை எடுத்த கை காயுமுன் வாந்தியெடுக்க மாட்டார். அவ்வளவு விரைவாக ஒருவரை வாந்தியெடுக்க வைப்பது கிருமி அல்ல. கிருமி முன்கூட்டியே செய்து வைத்துவிட்டுப் போன நஞ்சு. அது சோற்றிலேயே இருந்தது. நாங்கள் பந்தியில் உட்காருவதற்கு முன்பே தயாராக இருந்தது.

நான் என்ன வேலை செய்தேன் என்று உன் அழைப்பிதழில் பெருமையாகப் போட்டிருக்கிறாயே. கிருமியைக் கொல்வது அல்ல என் வேலை. வளர்ப்பது. நோயாளியின் சளியை, சிறுநீரை, இரத்தத்தைக் கொண்டுவருவார்கள். அதிலிருக்கிற கிருமி எது என்று அறிய வேண்டுமானால் அதை வளர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாப்பாடு. சிலதுக்கு ஆட்டு இரத்தம் கலந்த ஏகார் என்கிற கடற்பாசிக் களி. சிலதுக்கு அந்த இரத்தத்தைச் சூடாக்கி உடைத்துக் கொடுக்க வேண்டும், முழுதாகக் கொடுத்தால் தின்னாது. சிலது காற்றுப் பட்டால் சாகும். புளிப்பு மிஞ்சினால் அநேகம் வளராது. உப்பு மிஞ்சினால் வளராது. காய்ந்துபோனால் வளராது. ஈரம், தீனி, இதமான சூடு, யாரும் தொந்தரவு செய்யாத பொழுது. இவற்றைக் கொடுத்தால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நீ ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள். நான் அவற்றுக்கு ஆயா. என் இன்கியூபேட்டரின் கதவைத் திறந்தால் ஆள் உடம்பின் சூடு முகத்தில் அடிக்கும்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் மாலை உன் சமையலறையில் அந்தச் சூடு என் முகத்தில் அடித்தது.

இடியப்பம் எடுக்க வந்தேன். பெரிய அண்டா நிறையச் சோறு. மேலே மூடி, மூடிக்கு மேல் ஈரத்துணி, சுற்றிவர இரண்டு சாக்கு.

"தம்பி, இது நாளைக்கெல்லோ?"

"ஓம். விடிய அடுப்பு ஃபிரீ இல்லை. கொம்பனித்தெரு ஓடரும் கிடக்கு."

"அப்ப ஏன் போர்த்து வைச்சிருக்கிறாய்? பரந்த தட்டங்களில பரத்தி, ஆறினதும் ஃபிரிஜ்ஜுக்க வை."

"இவ்வளவு சோத்தை எந்த ஃபிரிஜ்ஜில வைக்கிறது? விடிய ஆவி காட்டினாச் சரி. சூடு பட்டா எல்லாம் செத்திடும்."

"எல்லாம் சாகாது."

"அம்மா, இது உங்கட லாப் இல்லை."

ரெஜினா அந்தப் பக்கம் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வாயில் துணி கட்டியிருந்தாள். சிரித்தாள். "விடுங்க தம்பி, மிஸ் வந்தா வெங்காயத்துக்கும் ஊசி போடச் சொல்லுவாங்க." சொல்லிவிட்டு இருமினாள்.

"முதல்ல உமக்கு ஒரு ஊசி போடவேணும்" என்றேன்.

"போட்டா மூணு நாள் லீவு தரணும், தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

மூன்று பேரும் சிரித்தோம். நீ என் கையில் பார்சலைத் தந்தாய். "சரி, சரி, பரத்திறன். நீங்கள் போங்கோ, இடியப்பம் ஆறப்போகுது."

நான் போனேன். அடுத்த நாள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன், பரத்துகிறேன் என்று நீ சொன்னதால். பரத்தவில்லை. சாக்கைக் கூட எடுக்கவில்லை. எடுக்கட்டா என்று ரெஜினா கேட்டபோது, "கிடக்கட்டும், சூடு போயிடும்" என்று சொன்னாயாம்.

வயலில் மண்ணோடு மண்ணாக இருக்கிற ஒரு பக்டீரியா. பெயர் வேண்டுமானால் பசிலஸ் சீரியஸ். நெல்லோடு வரும், அரிசியோடு வரும். ஏறக்குறைய எந்த அரிசியிலும் கொஞ்சம் இருக்கும், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. சோறு கொதிக்கும்போது மற்றவை சாகும். இது சாகாது. தன்னைச் சுற்றித் தடித்த ஓடு கட்டி, விதை மாதிரி, வித்தியாகச் சுருண்டு கிடக்கும். கொதி அடங்கி, சோறு இளஞ்சூட்டுக்கு வந்ததும் அந்த வித்தி முளைக்கும். ஈரம் இருக்கிறது. மாச்சத்து இருக்கிறது. போட்டிக்கு வேறு கிருமி இல்லை, எல்லாவற்றையும் நீ கொதிக்க வைத்துக் கொன்றுவிட்டாய். வெளியே சூடு போகாமல் சாக்குப் போர்த்திருக்கிறாய். அது பெருகும். பெருகும்போது நஞ்சை விடும். காலையில் நீ ஆவி காட்டினாய். கிருமி செத்திருக்கலாம். நஞ்சு அந்தச் சூட்டுக்கு அசையாது. மணம் மாறாது. நிறம் மாறாது. சோறு பொலபொலவென்று நன்றாகத்தான் இருந்தது.

என்னிடம் அத்தாட்சி இருக்கிறதா? இல்லை. மிச்சச் சோறு ஒரு பிடி கேட்டேன், வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க எனக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அன்று மாலையே கொட்டிவிட்டாய். அண்டாவையும் தேய்த்துவிட்டாய். அவ்வளவு வேகமாக உன் கடையில் பாத்திரம் தேய்த்து நான் கண்டதில்லை. ஆகவே என்னிடம் இருப்பது நேரமும் சூடும் மட்டும். எந்தப் பரிசோதனைக்கூடமும் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லமாட்டாய். சொல்ல உனக்கு வாய் வராது. உன் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது தயிர். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூடு வரும்வரை பார்த்திருந்து, உறை ஊற்றி, சட்டியைத் துவாயால் சுற்றி, அசைக்காமல் வைக்கிறாய். மழை நாளில் கூடுதலாகப் போர்க்கிறாய். நுண்ணுயிருக்கு என்ன வேண்டும் என்பது உன் விரலுக்குத் தெரியும். வேண்டியபோது அதை வளர்க்கத் தெரிந்தவன், வேண்டாதபோது அது தானாக வளராது என்று நினைத்தாயா? நினைக்கவில்லை. நினைக்காமல் விட்டாய்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும். அந்தியேட்டிச் சாப்பாடு காத்திருக்கும். கடற்கரையில் கிரியை முடித்து வர வேண்டும். ஐயருக்கு அன்று வேறு இடத்திலும் அந்தியேட்டி. வந்து, வீட்டில் செய்வதைச் செய்து, இறந்தவருக்குப் படைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. படைக்குமுன் மூடி திறக்கக் கூடாது, ருசி பார்க்கக் கூடாது. வெயில் ஏறுகிற பொழுதில், மாடிவீட்டுக்குக் கீழே வாகனங்களுக்கு நடுவில், உன் அண்டா மூடியபடி இருந்தது. நான் பழக்கத்தைக் குறை சொல்லவில்லை. செத்தவருக்கு முதலில் என்று காத்திருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதைக்காக ஒருவரும் மூடியைத் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்து நீ சோறு கொடுத்தாய்.

பிறகு இரண்டாவது மரியாதையையும் பாவித்தாய். செத்தவீட்டுச் சாப்பாட்டை ஒருவரும் குறை சொல்வதில்லை. அன்று வாந்தியெடுத்த ஒருவர்கூட உன்னிடம் வரவில்லை. ஒருவர் வெயில் என்றார். ஒருவர் வெறும் வயிற்றில் இருந்தது என்றார். ஒருவர் கடற்காற்று என்றார், நாற்பது வருடம் கடற்கரைப் பக்கத்தில் இருந்துகொண்டு. சுகாதாரப் பரிசோதகரிடம், பி.எச்.ஐ.யிடம், ஒருவரும் போகவில்லை. அந்த வீட்டு அம்மாவுக்கு இன்னும் ஒரு கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று எல்லோரும் வாயை மூடினார்கள். அவர்கள் மூடிய வாய்க்குள் நீ புகுந்து பேசினாய்.

இந்த இடத்தில் யாராவது புத்திசாலி சொல்வார், பொய்யும் வைரஸ் மாதிரித்தான், ஆளுக்கு ஆள் தொற்றும் என்று. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது உன்னைத் தப்பவிடுகிற பேச்சு. வைரஸுக்கு எண்ணம் இல்லை. யாரில் ஒட்டுவது, யாரை விடுவது என்று அது யோசிப்பதில்லை. நீ யோசித்தாய். இரண்டு பேர் அன்று அந்தச் சமையலறையில் பொறுப்பில் இருந்தீர்கள். ஒருவர் முதலாளி. மற்றவர் இருமியவர். எழுதி, அழித்து, 'ஒருவருக்கு' என்று திருத்தி, படம் தேடி இணைத்துப் போட்டாய். உனக்குக் கை இருக்கிறது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தியேட்டிக்கும் அதனால்தான் வரவில்லை, தப்பினார். "இஞ்சரும், பெடியன் இப்பதான் தலையெடுக்கிறான். பெரிசாக்காதையும்" என்றார்.

"தலையெடுக்க மற்றவளின்ர தலையோ வேணும்?"

"நீர் அவன்ர தாயோ, பி.எச்.ஐ.யோ?"

"இண்டைக்கு ரெண்டும்."

தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அது அவர் தோற்றால் செய்கிற வேலை. உனக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது, நீ சத்தத்தைக் கூட்டுவதற்குப் பதில் பதிவு போடுகிறாய்.

அதன் பிறகுதான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நீ ஒருநாளும் போனதில்லை, இத்தனை வருடத்தில். ஒழுங்கைக்குள் ஒழுங்கை. ரெஜினா வாசலில் என்னைக் கண்டதும் எழும்பி இரண்டு அடி பின்னுக்குப் போனாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் எப்போதோ நின்றுவிட்டது.

"கிட்ட வராதீங்க மிஸ்."

"ஏன்?"

"என்கிட்ட அது இருக்கு. தம்பி போட்டிருக்கார்ல. மகள் வாசிச்சுக் காட்டினா."

நான் உட்கார்ந்தேன். கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் தேநீர் ஊற்றவில்லை, ஊற்றினால் நான் குடிக்கவேண்டி வருமே என்று பயந்திருக்கிறாள். பிறகு சொன்னாள், குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல். "சேலைன் ஏத்தின அந்தக் கிழவி அம்மா செத்திருந்தா நான் என்ன செய்வேன் மிஸ்? செத்த வீட்டுல இன்னொரு சாவு. என்னால. கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செஞ்சிட்டேன். ஃபாதர் மன்னிச்சாச்சு போன்னு சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறல்ல."

தம்பி, அதை இன்னொரு முறை வாசி. நீ போர்த்த சோற்றுக்கு அவள் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறாள். முழங்காலில் நின்று. நீ வேலையைப் பறித்தாய் என்றுதான் நான் கோபத்தோடு போனேன். அவளுக்குள் நீ இதை வைத்துவிட்டு வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். இருமல் நெஞ்சில் இருக்கிறது, வாந்தி அதனால் வராது, சோறு, சாக்கு, சூடு. பாதியில் நிறுத்திக் கேட்டாள், "அப்ப நான் இல்லையா?"

"நீர் இல்லை."

"உண்மையாவா மிஸ்? எனக்காகச் சொல்லல்லையே?"

"உமக்காகப் பொய் சொல்ல நான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரமாட்டன்."

வாயை மூடியிருந்த சேலைத் தலைப்பை எடுத்தாள். அழவில்லை. பிறகு, "தம்பி வேணும்னு செஞ்சிருக்க மாட்டார்" என்றாள். உனக்காக. அதற்குப் பிறகும் உனக்காக. "அப்ப ஏன் மிஸ் அப்படிப் போட்டார்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. வெள்ளவத்தையில் தெரிந்த சமையலறை பலதுக்கு ஏறி இறங்கியிருக்கிறாள். ஒரு கேட்டரிங்காரர் வாசலிலேயே நிறுத்திக் கதைத்து அனுப்பினார். இன்னொருவர், நோயில்லை என்று டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கிக்கொண்டுவா என்றார். துண்டு கொண்டுபோனாள். பிறகு பார்ப்போம் என்றார். கடற்கரைப் பக்கம் உள்ள பெண்கள் விடுதிக்கு நான் அவளோடு போனேன். அவளுடைய கறி எப்படி இருக்கும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், உன் கடையிலிருந்துதான் முன்பு எடுப்பார்கள். விடுதி நடத்துகிற அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். ரெஜினா கேற்றடியில் நின்றாள்.

"நாங்கள் அவவைக் குறை சொல்லேல்லை. பிள்ளையள் இருக்கிற இடம். அந்த வைரஸ்..."

"வைரஸ் இல்லை. அது என்ர மகன் போர்த்து வைச்ச சோறு."

அவர் என்னைப் பார்த்தார். "உங்கட மகன்தானே இப்பிடிப் போட்டவர்?"

"ஓம்."

"அப்ப அவர் பொய் சொன்னவரோ?"

பதில் சொல்லுமுன் ஜன்னல் வழியாகக் கேற்றடியில் நின்ற ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தேன். உன்னைப் பெற்ற நாளிலிருந்து உன்னைப் பற்றி ஒருவரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் உன் வாத்தியார் சொன்னபோதுகூட, என் பிள்ளை பொய் சொல்லமாட்டான் என்று அவரோடு சண்டை பிடித்தவள்.

"ஓம்" என்றேன்.

அவர் நல்ல மனுஷி. யோசித்துத்தான் சொன்னார். "நீங்கள் தாய். அவவில பாவம் பார்த்துச் சொல்லுறீங்கள் எண்டு சனம் நினைக்கும். போட்டது அவர். அவர் சொல்லட்டும். சொன்னா, நாளைக்கே நான் அவவை எடுப்பன்."

கேற்றடிக்கு வந்தேன். ரெஜினா என் முகத்தைப் பார்த்தாள். "வெயில் ஏறிட்டு மிஸ், குடையைப் பிடிங்க" என்றாள்.

ஆகவே என் படிப்பு, என் ஆய்வுகூடம், என் வயது எதுவும் போதாது. உன் வாய்தான் வேண்டும். நீ எழுத வேண்டியது நீளமானதல்ல. சோற்றை முதல் நாள் சமைத்து மூடி வைத்தது நான். ரெஜினாவின் இருமலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வைரஸ் என்று எழுதியது பொய். இவ்வளவுதான். 'வருந்துகிறோம்' என்று பன்மையில் எழுதாதே. நீ ஒருவன். எழுதினால் சிலர் உன் கடைக்கு வரமாட்டார்கள், கொஞ்ச நாள். பாமன்கடைக் கடை கொஞ்சம் பிந்தும். பரந்த தட்டங்களும் பெரிய குளிரூட்டியும் வாங்கு. சோறு காத்திருக்கவேண்டிய வீடு என்றால், எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று முதலே கேட்டு, பிந்திச் சமைத்துக் கொடு. தவறு செய்த கடை திருந்தலாம். இங்கே சனம் அதை மன்னிக்கும், நல்ல தயிருக்காகவாவது. ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டுத் தப்பிய கடையில் சாப்பிட என்னால் முடியாது, அது என் மகனின் கடை என்றாலும்.

நாளைக் காலை மார்க்கெட் பக்கத்தில் உள்ள சமையலறைக்கு ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதன் பிறகு ஹம்டன் ஒழுங்கைப் பக்கம். அதன் பிறகு வேறு இடம். ஒவ்வொரு வாசலிலும் அதையே கேட்பார்கள், உங்கட மகன் பொய் சொன்னவரோ என்று. முதல் தடவைதான் பதில் சொல்லுமுன் திரும்பிப் பார்த்தேன். இனி பார்க்கமாட்டேன். வாசல்கள் முடியும்வரை நான் "ஓம்" என்று சொல்லிக்கொண்டே போவேன். இன்னும் எத்தனை பேருக்கு அதை நான் சொல்லவேண்டும் என்பது உன் கையில் இருக்கிறது.

அம்மா